பொங்கலண்டு எண்ணின தலைகள்

சொல்லுறன் ரீச்சர், சொல்லுறன். முதல் இருங்கோ. ஜன்னல் பக்கம் வேண்டாம், அது பூட்டுப்படாது, காத்து முகத்திலை அடிக்கும். இப்பிடி இருங்கோ. பஸ் லூயிஷாம் போகுமட்டும் நேரம் கிடக்கு.

உங்களை அந்தக் கவுன்சில் கொறிடோர் வாங்கிலை அவ்வளவு நேரம் வைச்சிருந்தது எனக்குச் சரியான கவலை. மீற்றிங்குக்கு உள்ளுக்கை விடுவினம் எண்டுதான் நினைச்சனான். ஆனா வேலையாக்களின்ரை போஸ்ற்றைப் பற்றிக் கதைக்கேக்கை வெளியாக்களை அனுப்பிப் போடுவினம். வெள்ளைக் கடுதாசி எண்டா ஆரும் வாசிக்கலாம். மஞ்சள் கடுதாசி எண்டா கல்விக் கமிற்றிக்காரர் மட்டும்தான். உங்கடை போஸ்ற் மஞ்சளிலை இருந்தது.

ஓம். போட்டுது ரீச்சர். செப்டெம்பரிலை இருந்து உங்கடை வேலை இல்லை.

என்னைப் பேசினாலும் பரவாயில்லை.

ஏன் எண்டோ? அதுக்கு வாறன். முதலிலை இருந்து சொன்னாத்தான் எனக்கும் நேராச் சொல்ல வரும். விசயம் இவ்வளவுதான். எங்கடை அகதிப் பிள்ளையளுக்குப் பக்கத்திலை இருந்து தமிழிலை விளங்கப்படுத்த ஒரு ரீச்சர், அது நீங்கள். இல்லாட்டி அந்த ஆத்தோர ஃபிளாற்றுப் பள்ளிக்கூடத்திலை வாசிக்கப் பழக்க ஒரு ரீச்சர். ரெண்டுக்கும் காசில்லை. மேலிடத்து அரசாங்கம் வெட்டிப் போட்டுது, கவுன்சில் ஒண்டைத் தெரிய வேணும்.

அந்த ஃபிளாற்றுப் பிள்ளையளும் பாவங்கள்தான் ரீச்சர். நான் போய்ப் பாத்தனான். வெள்ளையும் கறுப்புமாய்ப் பிள்ளையள், பத்து வயசாகியும் சிலதுக்குத் தன்ரை பேரை எழுதத் தெரியாது. அது பொய்யில்லை. இஞ்சை கவுன்சிலிலை இருக்கிறதுகள் கெட்டதுகள் எண்டு சொன்னா எனக்குச் சுகமா இருக்கும், ஆனா அப்பிடி இல்லை. நல்ல மனுசர். ஒராள் எங்கடை பிள்ளையளைப் பற்றிக் கேட்டும் பாத்தவர். அந்தச் சின்னப் பிள்ளை, ஃபயர் பெல் அடிச்சா மேசைக்குக் கீழை போய்ப் படுத்துக் காதைப் பொத்துறவ, அவவைப் பற்றி ஹெட்மாஸ்ரர் எழுதியிருந்தவர். நீங்கள் கீழை குனிஞ்சு அவவின்ரை பக்கத்திலை நீங்களும் படுத்து, இது பிளேன் இல்லை பிள்ளை எண்டு சொன்னதையும் எழுதியிருந்தவர். பிறகு ஒஃபிசர் எண்ணிக்கையைக் காட்டினவர்.

எண்ணிக்கையிலைதான் விழுந்தது. ஓம், அந்த எண்ணிக்கைதான். ஜனவரியிலை ஆள் வந்து வகுப்பு வகுப்பா எண்ணிக்கொண்டு போச்சுதே, அண்டைக்கு.

எங்கடை சனத்தைத்தான் பிழை சொல்ல வேணும். பொங்கல் எண்டு எழுதினா லீவு குடுக்கமாட்டினம் எண்டு எந்தப் புத்திசாலி சொன்னதோ, எல்லாத் தாய்மாரும் வயித்துக்குத்து எண்டு எழுதிக் குடுத்திட்டுப் பிள்ளையளைக் கோயிலுக்குக் கொண்டு போட்டினம். ஒரே நாளிலை எல்லாத் தமிழ்ப் பிள்ளையளுக்கும் வயித்துக்குத்து. நீங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆள், நீங்கள் மட்டும் வேலைக்குப் போய் வெறும் கதிரையளுக்கு நடுவிலை நிண்டிருக்கிறீங்கள். எண்ண வந்தவர் சுத்திப் பாத்திட்டு, இவ்வளவு பேருக்கோ ஒரு ரீச்சர் எண்டு கேட்டவராம். நீங்கள்தான் சொன்னனீங்கள்.

தெரியும். போன கிழமை நீங்கள் என்னட்டை வந்ததே அதுக்குத்தான். அண்டைக்குப் பொங்கல், வேற ஒரு நாளிலை திரும்பி எண்ணுங்கோ. இதை மட்டும் அந்த மேசையிலை சொல்லிவிடுங்கோ தம்பி, வேற ஒண்டும் வேண்டாம் எண்டனீங்கள். நானும் ஓம் எண்டனான்.

எனக்கு அங்கை வோட்டு இல்லை எண்டது உங்களுக்குத் தெரியுமோ? கமிற்றியிலை எங்கடை சனத்துக்காக இருக்கிற சமூகப் பிரதிநிதிக்கு வோட்டு இல்லை. வாய் மட்டும்தான். இந்த இடத்துக்கு என்னைப் பிடிச்சதும் ஒரு பகிடிதான். எங்கடை தமிழ்ச் சங்கக் கூட்டத்திலை பெரியவர் தில்லையம்பலத்தார் எழும்பி, இஞ்சை படிச்சுப் பட்டம் எடுத்த ஆர் இருக்கிறியள் எண்டு கேட்டவர். படிச்ச மற்றாக்களுக்கு அண்டைக்கு ஷிப்ட். நான் கையைத் தூக்கினன். எங்கடை குடும்பத்திலை பட்டம் எடுத்த முதல் ஆள் நான்தான். தூக்காமல் விட்டா அண்ணை பேசியிருப்பார்.

அண்ணையை உங்களுக்குத் தெரியாது. சிவானந்தன் எண்டு பேர். பெற்றோல் ஸ்ரேசனிலை நிண்டவர், என்னை இஞ்சை கூப்பிட்டுப் படிப்பிச்சவர் அவர்தான். இல்லை, இப்ப இல்லை. செத்து ஒரு வருசம், போன மாதம்தான் ஆட்டைத் திவசம் முடிஞ்சது. காசு வாங்கிற ரில்லுக்குப் பின்னாலை கதிரையிலை இருந்தபடியே உயிர் போச்சுது. காசு குடுக்க வந்த வெள்ளைக்காரன், நித்திரை எண்டு நினைச்சுக் கண்ணாடியிலை தட்டிக்கொண்டே நிண்டவனாம்.

இதை ஏன் இப்ப சொல்லுறன் எண்டா... அவர் கெட்டிக்காரன் ரீச்சர். எஞ்சினியரிங் கிடைச்சிருக்க வேணும். யூனிவசிற்றிக்கு எடுக்க மாவட்டக் கோட்டா வந்த காலம். யாழ்ப்பாணத்துப் பொடியனுக்கு இவ்வளவு மார்க்ஸ் வேணும், பின்தங்கின மாவட்டத்துப் பிள்ளைக்கு அதிலை குறைஞ்சாலும் போதும். மூண்டு தரம் சோதினை எடுத்தவர். மூண்டு தரமும் ஒரு மயிரிழையிலை போச்சுது. பிறகு அதைப் பற்றிக் கதைக்கிறதில்லை. நான் இந்தக் கமிற்றிக்குப் போகத் துவங்கினாப் பிறகுதான் திரும்பக் கதைக்கத் துவங்கினவர்.

மீற்றிங் முடிஞ்சு வந்தா முழிச்சிருப்பார். என்ன முடிவெடுத்தவை எண்டு கேக்கமாட்டார். எப்பிடி இருந்து முடிவெடுத்தவை எண்டு கேப்பார். ஆர் முதல் கதைச்சது, ஆர் சும்மா இருந்தது. ஒருநாள் சொன்னவர், கொழும்பிலை அந்தக் கோட்டாவை எழுதின அறையிலை கட்டாயம் ஒரு தமிழன் இருந்திருப்பான் தம்பி, ஒரு கிளாக்கராவது இருந்திருப்பான், அவன் அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்திருப்பான் எண்டு. எனக்கு என்ன தெரியும்? நான் சிரிச்சுப்போட்டுப் படுத்திட்டன்.

இப்பவும் கதவைத் திறக்கேக்கை, உள்ளுக்கை லைற் எரியுதோ எண்டு பாக்கிறன். திறப்பைப் போட்டுக்கொண்டே மறுமொழியை யோசிக்கிறன். பைத்தியம் எண்டு நினைப்பீங்கள். பக்கத்து வீட்டு எட்வேட்டுக்கு மட்டும் சொன்னனான், அவர் சேர்ச்சிலை பூசை ஒண்டு குடுக்கச் சொன்னார்.

பின்தங்கின மாவட்டங்களிலை மன்னாரும் ஒண்டு. ஓம், உங்களுக்குத் தெரியும்தானே. போன கிழமை என்ரை வீட்டிலை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நீங்களே சொன்னனீங்கள். உங்கடை பள்ளிக்கூடத்திலை சயன்ஸ் படிப்பிக்க ஒரு வாத்தியும் இல்லை, அந்தக் கோட்டா இல்லாட்டிப் பேராதனையை நான் படத்திலைதான் பாத்திருப்பன் எண்டு சிரிச்சனீங்கள். வருசத்தையும் சொன்னனீங்கள். அண்ணையின்ரை மூண்டாம் தரமும் அந்த வருசம்தான்.

ஐயோ, இல்லை ரீச்சர், அப்பிடி எடுக்காதேங்கோ. நீங்கள் எடுத்தது அவற்றை இடமில்லை. அவர் எஞ்சினியரிங், நீங்கள் வேற. வாத்தியே இல்லாத ஊரிலை இருந்து வந்த பிள்ளைக்கு ஒரு இடம் குடுத்ததை ஆர் பிழை எண்டு சொல்லுறது? அதை நான் எத்தினை தரம் எனக்கே சொல்லிப் பாத்திட்டன். நீங்கள் போனாப் பிறகு உங்கடை கோப்பையைக் கழுவேக்கையும் அதைத்தான் சொல்லிக்கொண்டு நிண்டனான்.

இண்டைக்கு அந்த மஞ்சள் கடுதாசியை வாசிக்கேக்கைதான் பாருங்கோ, எனக்கு விளங்கினது. அந்த ஃபிளாற்றுகள் மாதிரிப் பின்தங்கின பகுதிப் பிள்ளையளுக்குக் கூடப் புள்ளி, மற்றாக்களுக்குக் குறைய. அதே கணக்கு. அண்ணையை வெளியிலை விட்ட கணக்கு, உங்களை உள்ளுக்கை எடுத்த கணக்கு. இந்தமுறை நீங்கள் வெளியிலை நிக்கிறீங்கள், உண்மையாவே கதவுக்கு வெளியிலை, வாங்கிலை.

கேட்டவ ரீச்சர். கமிற்றித் தலைவி கேட்டவ. அவசரப்படேல்லை. எண்ணிக்கை இவ்வளவு குறையிறதுக்கு ஏதும் காரணம் இருக்குமோ, மிஸ்டர் குகதாசன் உங்கடை ஆக்களின்ரை பக்கத்தாலை ஏதும் சொல்ல இருக்கோ எண்டு என்ரை பேரைச் சொல்லிக் கேட்டவ. பேனையை மூடி வைச்சிட்டுக் காத்துக்கொண்டு இருந்தவ. எல்லாரும் என்னைப் பாத்தவை. அந்த அறையிலை பொங்கல் எண்டா என்னெண்டு தெரிஞ்ச ஆள் நான் ஒராள்தான்.

வசனம் தயாராத்தான் இருந்தது. காலமை சேவ் எடுக்கேக்கை கண்ணாடியைப் பாத்துச் சொல்லிப் பாத்தனான், இங்கிலிசிலை, ரெண்டு மூண்டு விதமா.

ஏன் எண்டு கேக்காதேங்கோ. அந்த ஃபிளாற்றுப் பிள்ளையளை நினைச்சனோ, அண்ணையை நினைச்சனோ, உங்கடை சிரிப்பை நினைச்சனோ. நியாயமாத்தான் நடந்தனான் எண்டு சொல்ல விருப்பம். சொன்னாப் பொய்யாப் போடும் எண்டு பயமாக் கிடக்கு. வாற கிழமை முழுக் கவுன்சிலும் கூடும், அதிலை வெளியாக்கள் எழும்பிக் கதைக்கலாம். நீங்களே போய்ச் சொல்லுங்கோ ரீச்சர். என்னை நம்பி விடாதேங்கோ.

தலைவிக்கு, சொல்ல ஒண்டும் இல்லை எண்டனான்.

அவ தாங்க்ஸ் எண்டு சொல்லிப்போட்டு அடுத்த கடுதாசியை எடுத்தவ. எங்கையோ ஒரு பள்ளிக்கூடக் கூரை ஒழுகுதாம். அதுக்குள்ளை பிஸ்கற் தட்டு என்ரை பக்கம் வந்தது. ரெண்டு எடுத்தனான். நல்லாப் பசிச்சது.