நாடா கட்டின மரம்

– விளையாட்டுக்குச் சொல்லலைங்க டீச்சர். தோப்புல இருக்கிற அத்தனை மரத்துலயும் நாடா கட்டியிருக்கு. நான் எதுல ரம்பம் வைக்கிறது?

– மொதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்கண்ணா. நான் வேற ஸ்கூல்ல பரீட்சை டியூட்டில இருக்கேன். வராண்டாவுக்கு ஓடி வந்து போனை எடுத்திருக்கேன்.

– மரம் வெட்ட வந்த மேஸ்திரிங்க. உங்க ஸ்கூல் பின்னாடிதான் நிக்கிறேன். கார் ஷெட் போட ஒரு மரத்தை எடுக்கணும், எடுக்க வேண்டியதுல நாடா கட்டியிருக்கும்னு சொல்லி அனுப்பினாங்க. கட்டினவர் போனை எடுக்கல. உங்க ஹெட்மாஸ்டரைக் கேட்டா, "எனக்கு மரமெல்லாம் ஒண்ணுபோலதான் தெரியும், டிராயிங் டீச்சரைக் கேளு"ங்கிறார்.

– அவர் அப்படித்தான். பதறாதீங்க, அது எங்க பசங்க வேலை. ஆளுக்கொரு மரத்தை சிநேகிதம் பிடிக்கச் சொன்னேன். பட்டை மேல பேப்பரை வெச்சு, கிரேயான்ல தேச்சு அச்சு எடுத்தாங்க. களிமண்ல கண்ணு மூக்கு வெச்சாங்க. கடைசியா நாடா கட்டி ஒரு சீட்டு தொங்கவிட்டாங்க.

– ஆமாமா, எல்லாத்துலயும் சீட்டு இருக்கு. இதுல பாருங்க, "இவன் என் தம்பி. மழையில நனைஞ்சாலும் திட்டாதீங்க"ன்னு எழுதியிருக்கு.

– அது கடைசி பெஞ்சு வாலு. வீட்டுல தினம் திட்டு வாங்குறவன்.

– சிரிப்பு வருது டீச்சர், ஆனா பொழப்பு கெடுதே! தப்பான மரத்தைச் சாய்ச்சா என் தலைதான் உருளும். கிரேனும் இன்னைக்கு ஒரு நாள்தான். நாளைக்கு ரோட்டு வேலைக்குப் போயிடும், திரும்ப எப்போ கிடைக்குமோ.

– எந்த மரம்னு எனக்கு நல்லாத் தெரியும்ணா. வேண்டாம்னு சண்டை போட்டுத் தோத்தவளே நான்தான். அதுல மட்டும் ஏன் சிவப்பு நாடான்னு போன வாரம் பசங்க கேட்டாங்க. வெட்டப் போறாங்கன்னு மறைக்காம சொல்லிட்டேன். ஒரு வாண்டு கூட அழல. இவ்வளவு சொல்லிக்கொடுத்தும் இதுதானான்னு எனக்கு மனசே விட்டுப்போச்சு.

– சின்னப் பசங்கதானே, மறந்துடும். எதுன்னு சொல்லுங்க, முடிச்சிட்டுக் கிளம்புறேன்.

– நீங்களே கண்டுபிடிச்சிடலாம். பசங்களுக்கு நான் வாங்கிக் குடுத்தது மஞ்சள் நாடா. மஞ்சள் எல்லாத்தையும் விட்டுடுங்க. சிவப்பு எதுல இருக்கோ, அதுதான்.

– மஞ்சளா? இங்க மருந்துக்குக்கூட மஞ்சள் இல்லையே! எல்லாமே சிவப்பு.

– எல்லாமேவா?

– ஒண்ணு விடாம. எல்லாம் புத்தம்புது நாடா, முடிச்சு மேல முடிச்சு.

– அந்தத் தம்பி மரத்துலயுமா?

– அதுலயும்தான். அப்ப எந்த மரம்னு நீங்களே சொல்லிடுங்க.

– எனக்கு எப்படிண்ணா தெரியும்? எனக்கும் மரமெல்லாம் ஒண்ணுபோலதான் தெரியும்.