எட்டாம் தூணில் மாட்டிய பலகை

துவரம்பருப்பு மூட்டையை எவ்வளவு பக்குவமாக இறக்கினாலும் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். லோடுமேன் கொக்கி போட்டு இழுக்கும்போது சாக்கு கிழிந்துவிடும். லாரியிலிருந்து மூட்டை அடுக்கும் அட்டி வரைக்கும் தரையில் மஞ்சளாக ஒரு கோடு விழும்.

திருவொற்றியூரில் எங்கள் குடோனில் அந்தக் கோடு கூட்டுகிற பெண்களுக்குச் சொந்தம். சனிக்கிழமை மதியம் கடைசி லாரி போனதும் கூட்டிப் புடைத்து வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். வாரம் முழுக்கக் குழம்பு அதில்தான். நாற்பது வருட வழக்கம். என் அப்பா ராசையா தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்திலிருந்து வந்து இந்தக் குடோனைப் போட்டவர். "தரையில விழுந்தது தரையக் கூட்டுறவளுக்குல. அதுல நமக்கென்ன சோலி?" என்பார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு.

நான் வரலாறு படித்தவன், இன்ஸ்பெக்டர் மேடம். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பிரிட்டனில் குற்றம் எப்படி மாறியது என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. லண்டன் துறைமுகத்திலும் இதே கதைதான். கப்பலிலிருந்து இறக்கும்போது சிந்தும் சர்க்கரை சுமப்பவனுக்கு என்றிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு முடிகிற சமயம் வியாபாரிகள் சேர்ந்து ஆற்றுக்கென்று ஒரு போலீஸ் படையை ஏற்படுத்தினார்கள். நேற்றுவரை வழக்கமாக இருந்தது அதற்குப் பிறகு திருட்டு. சர்க்கரை மாறவில்லை, சுமந்தவனும் மாறவில்லை. இதை நாகரிகத்தின் வளர்ச்சி என்று எழுதியிருந்தேன்.

பணக்காரர்கள் தங்கள் தோட்டங்களில் மறைத்துவைத்த துப்பாக்கிகளைப் பற்றியும் ஒரு அத்தியாயம் உண்டு. முயல் திருட வருகிறவன் கால் கம்பியில் பட்டால் தானாக வெடிக்கும். வெளியே ஓர் அறிவிப்புப் பலகை இருந்தால் போதும், சுடப்பட்டவன் நஷ்டஈடு கேட்க முடியாது. 1827இல் அதைத் தடை செய்தார்கள். அது அவசரப்பட்ட சட்டம் என்பது என் முடிவு. அந்தப் பக்கத்துக்கு வந்ததும் தேர்வாளர் ஒருவர் சிரித்தார். பட்டம் தரவில்லை. இதெல்லாம் வழக்குக்குத் தேவையில்லை என்று நினைக்கிறீர்கள். தேவை.

அப்பா போன பிறகு குடோன் என்னிடம் வந்தது. சிந்திய பருப்பை எடுப்பது இனித் திருட்டு என்று அறிவித்தேன். வெறும் உத்தரவாகச் சொல்லவில்லை. எல்லோரையும் மூட்டைகள் மேல் உட்காரவைத்து, லண்டன் துறைமுகத்தைப் பற்றி நாற்பது நிமிடம் விளக்கினேன். என் ஆய்வை முழுதாகக் கேட்டவர்கள் அவர்கள் மட்டும்தான்.

முடித்ததும் லோடுமேன் பென்னி கையைத் தூக்கினான்.

"சாரு, அந்த லண்டன்காரனுங்க அப்பால இன்னா துன்னானுங்கோ?"

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டுகிற மூன்று பெண்களில் ஒருத்தியான சிலுவையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தக் கேள்விக்கு எந்த நூலிலும் பதில் இல்லை. பிறகு தேடிப் பார்த்தேன்.

மற்ற இரண்டு பெண்களும் வேலையை விட்டுப் போனார்கள். சிலுவையம்மாள் போகவில்லை. ராயபுரத்துக்காரி. கணவன் இல்லை, ஜானட் என்று ஒரு மகள். அடுத்த சனிக்கிழமையும் என் கண்ணெதிரே கூட்டி அள்ளினாள்.

"இது திருட்டு," என்றேன்.

"திருடுறவ உன் மூஞ்சப் பாத்துகினா திருடுவா? உங்க நைனா குட்த்தது சாரு இது. நீ குட்த்துருந்தா நானே வாணான்னிருப்பேன்."

இந்த ஸ்டேஷனுக்கும் வந்தேன், மேடம். உங்கள் எழுத்தர், "ரெண்டு படி பருப்புக்கு எஃப்ஐஆரா சார்? போய் வேலையப் பாருங்க" என்றார். இந்த நாட்டில் எதையும் முறைப்படி செய்ய முடியாது. லண்டன் வியாபாரிகளுக்கு ஒரு போலீஸ் படையே கிடைத்தது; இரண்டு நூற்றாண்டுகள் கழித்து வந்து நின்ற எனக்கு ஓர் எஃப்ஐஆர்கூடக் கிடைக்கவில்லை.

குடோனில் எலித் தொல்லை இருந்தது உண்மை. எலி மருந்து வாங்கியதற்கு ரசீது இருக்கிறது. அதைப் பருப்பில் கலந்து எட்டாம் தூணின் அடியில் கொட்டினேன். சிலுவையம்மாள் கூட்ட ஆரம்பிப்பது அங்கிருந்துதான். தூணில் ஒரு பலகை மாட்டினேன். கண்ணாடிச் சட்டம், நல்ல ஆங்கிலம். இங்கே விஷம் வைக்கப்பட்டுள்ளது, எடுப்பவர் தம் பொறுப்பில் எடுக்கிறார்.

சனிக்கிழமை துடைப்பத்தோடு வந்தவள் அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னா சாரு, இங்கிலீஸ்ல என்னமோ மாட்டிகீற?"

"சட்ட அறிவிப்பு," என்றேன். நான் பொய் சொல்வதில்லை.

"லண்டன் கதைய இப்ப தூணுலயும் ஏத்திட்டியா," என்று சிரித்துக்கொண்டே கூட்டினாள். அவள் புடைத்து முடிக்கும் வரை நான் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் ஆனது. போகும்போது, "வரேன் சாரு" என்றாள். நானும் தலையாட்டினேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து சமைத்திருக்கிறார்கள். ஜானட் திங்கள் காலையில் இறந்தாள். சிலுவையம்மாளுக்கு உயிர் போகப் புதன்கிழமை வரை பிடித்தது.

நீங்கள் எழுதிய அறிக்கையைப் படித்தேன். எலிக்கு வைத்ததை அறியாமல் எடுத்துப்போனாள், உரிமையாளரின் கவனக்குறைவு என்று முடித்திருக்கிறீர்கள். வக்கீல் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கச் சொன்னார். என்னால் முடியவில்லை. இத்தனை வருடம் படித்து, ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்தவனைக் கவனக்குறைவானவன் என்று ஒரு காகிதம் சொல்கிறது. தேர்வாளராவது சிரிப்பதற்கு முன்னால் என் ஆய்வைப் படித்தார்.

அதனால்தான் வந்தேன். திருத்தி எழுதுங்கள். பலகையில் ஆங்கிலம் மட்டும் இருந்ததற்குக் காரணமும் எழுதுங்கள். தமிழிலும் ஒன்று எழுதி வாங்கியிருந்தேன், பெரிய எழுத்தில். என் மேசைக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம். சிலுவையம்மாள் ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசித்துவந்தவள், மேடம். தமிழில் மாட்டியிருந்தால் படித்திருப்பாள்.