தபாலாபீஸ் காட்டுமல்லி

காட்டுமல்லி பட்டினியால் செத்து நான் பார்த்ததில்லை. உபசாரத்தால் செத்துத்தான் பார்த்திருக்கிறேன். வாங்கி வருகிறவர்கள் காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் என்று ஊற்றுவார்கள். பத்தாம் நாள் வேர் அழுகிவிடும். பிறகு என்னிடம் வந்து, ராசியில்லாத செடி என்பார்கள்.

நீங்கள் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள், சூப்பிரண்டெண்டு ஐயா. அந்த ஜன்னல் கலீமுல்லா சாயபுவின் தோல் ஷாப்பைப் பார்த்தது. ஊறுகிற தோலும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்த நாற்றத்துக்குக் கைக்குட்டை போதாது. இந்த ஜன்னலுக்கு வெளியேதான் செடி இருக்கிறது. மூக்குக்குக் கொஞ்சம் நியாயம் கிடைக்கும். நிதானமாக எழுதிக்கொள்ளலாம். நீங்கள் திரும்பிப் போகும் ரயில் நாலு மணிக்குத்தான்.

இங்கே சப் போஸ்ட்மாஸ்டராகப் பத்தொன்பது வருடம் இருக்கிறேன். இந்த மாதம் வரை என் மேல் ஒரு புகார் கிடையாது. உங்கள் கையில் இருக்கும் மனுவில் கிறிஸ்துராஜ் தன் கடிதங்கள் 'தவறிவிட்டதாக' எழுதியிருக்கிறார். அந்த வார்த்தையை முதலில் திருத்திக்கொள்ளுங்கள். என் ஆபீசில் எந்தத் தபாலும் தவறியதில்லை.

செடியிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

அது என் தங்கை இன்பத்தின் செடி. அப்பா அம்மா காலமான பிறகு அவள் என்னோடு வந்துவிட்டாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆபீசுக்குப் பின்னாலேயே வீடு. வந்த வருடமே அவள் மலைச்சரிவில் சுள்ளி பொறுக்கப் போனவள், பாறை இடுக்கில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்த கொடியில் நாலு குச்சி ஒடித்துக்கொண்டு வந்தாள். விரல் கனத்தில், மூன்று கணு இருக்கிற குச்சி. ஐப்பசி மழை விழுந்ததும் செம்மண்ணும் ஆற்று மணலும் கலந்து நட்டாள். ஈரச் சாக்கால் நிழல் போட்டாள். துளிர் விட்டதும் சாக்கை எடுத்துவிட்டாள். அதன் பிறகு பத்து நாளைக்கு ஒரு சொம்பு, அவ்வளவுதான். மாசியில் கத்தரிப்பாள். எரு வைக்க மாட்டாள். கலீமுல்லா சாயபு ஒருமுறை அன்போடு ஒரு கூடை தோல்மயிர் எரு அனுப்பினார். அதைப் போட்ட செடி அந்த வருடம் முழுக்க இலையாகவே இருந்தது.

மூன்றாம் வருடம் கொடி இந்த ஜன்னல் முழுக்க ஏறியது. இரண்டு கோடை மழையில்லாமல் போய், ஊரில் வேப்பமரம்கூட வாடி நின்றபோதும் இது பூத்தது. காலணா கார்டு வாங்க வந்தவர்கள் அரை மணி நேரம் நின்றார்கள். சாயபு தினமும் வந்து இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுப்பார்.

"இன்னா போஸ்ட் மாஸ்டர், ஊரு பூரா என் தோலு நாத்தம், உங்க ஆபீஸ்ல மட்டும் ஜன்னத்து வாசனை வருது. பேஜாரா இருக்குதுய்யா" என்பார். ஜன்னத்து என்றால் அவர்களுக்குச் சொர்க்கம்.

அப்படி ஒரு கை அவளுக்கு. அந்தக் கையை யாராவது கேட்காமல் இருப்பார்களா? கேட்டார். கிறிஸ்துராஜ் அப்போது இங்கே மிஷன் மருந்துக்கடையில் கம்பவுண்டர். கலவை என்ற ஊர்ப் பக்கத்துக்காரர். ஒரு வருடம்தான் இந்த ஊரில் இருந்தார். தலைவலி மருந்தை நேரில் கொண்டுவந்து கொடுக்கிற கம்பவுண்டரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் யாருக்கும் தலைவலி இல்லை.

1917இல் பட்டாளத்து ஆஸ்பத்திரி வேலைக்குக் கடல் தாண்டி பாஸ்ரா போகக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "திரும்பி வந்ததும் கட்டிக்கிறேன் சார். உங்க சம்மதம் வேணும்" என்றார். நல்ல பையன். சம்மதித்தேன். இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் எதிர்த்தவன் இல்லை.

அவருடைய முதல் மூன்று கடிதங்களையும் ஒழுங்காகக் கொடுத்தேன். மூன்றாவது கடிதம் பதினொரு பக்கம். அதை இன்பம் கிணற்றடியில் உட்கார்ந்து படித்தாள், மறுபடி படித்தாள். அடுப்பில் சோறு தீய்ந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. புதிதாக நட்ட பன்னிரண்டு குச்சிகளின் மேல் சாக்குப் போட மறந்துவிட்டாள். சாயங்காலம் பார்த்தால் பன்னிரண்டும் கருகிக் கிடந்தன. நாலாவது கடிதம் வந்த அன்று மறுபடி குச்சி நட்டிருந்தாள். வேர் பிடிக்கட்டும், ஒரு வாரம் கழித்துக் கொடுக்கலாம் என்று இந்த மேஜை இழுப்பறையில் வைத்தேன். ஒரு வாரத்துக்குள் ஐந்தாவது வந்துவிட்டது. ஐந்தைக் கொடுத்தால் நாலு எங்கே என்பாள். நீங்களே சொல்லுங்கள், என்ன செய்வது?

அவளும் எழுதினாள். உறையில் போட்டு, தபால் தலை ஒட்டி, என் கையில்தான் கொடுப்பாள். ஒவ்வொரு தலை மேலும் தேதியோடு முத்திரை குத்தினேன். ஒரு தலையையும் பிய்த்துத் திரும்ப விற்றதில்லை. சர்க்காருக்கு என்னால் நஷ்டம் கிடையாது. கடிதங்கள் இழுப்பறைக்குப் போயின, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் மூடியிருக்கும். அப்போது படிப்பேன். 'ஏன் பதில் இல்லை, உடம்பு சரியில்லையா' என்று அவர் கேட்டிருப்பார். 'ஏன் பதில் இல்லை, என் மேல் கோபமா' என்று இவள் கேட்டிருப்பாள். இருவரும் நலமாக இருக்கிறார்கள் என்பது உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

1918 விஷக்காய்ச்சல் உங்களுக்கு நினைவிருக்கும். இந்தத் தெருவில் மட்டும் ஒன்பது பேர். ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஒரு பெண் பிளாட்பாரத்திலேயே இறந்துபோனாள். பெயர் தெரியாது. கழுத்தில் சிலுவை இருந்தது. ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு ஓரமாக அடக்கம் செய்தோம். நானும் மண் போட்டேன். வீட்டுக்கு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, பாஸ்ராவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இன்பம் காய்ச்சலில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள் என்று.

அவர் ஓயாமல் எழுதிக்கொண்டே இருந்தார், ஐயா. பதில் வராத மனிதனைப் பார்த்துக்கொண்டிருப்பது பாவமாக இருந்தது. அதற்கு ஒரு முடிவு வேண்டாமா?

இன்பத்துக்கும் நியாயமாக ஒரு முடிவு சொன்னேன். பட்டாளத்திலிருந்து காகிதம் வந்தது, கிறிஸ்துராஜ் அங்கேயே ஜுரத்தில் போய்விட்டார் என்றேன்.

"எப்பண்ணா?" என்று கேட்டாள்.

"போன மாசம்."

அழவில்லை. கத்தரியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பூத்துக் குலுங்கிய கொடியை அடிமட்டத்துக்கு வெட்டிப் போட்டுவிட்டு வந்து படுத்தாள். நான் பயந்துபோனேன். கார்த்திகையில் இப்படி வெட்டினால் தாங்குமா? தாங்கியது. அடுத்த மழைக்கு முன்பைவிட அடர்த்தியாகத் தழைத்தது. இன்பம் தழைக்கக் கொஞ்சம் கூடுதலாக நாளாயிற்று. பிறகு இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். வேண்டாம் என்றவள் அவளேதான். அதற்கு நான் பொறுப்பில்லை.

மறு வருடம் நவம்பர் பத்தாம் தேதி தபால் பையோடு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ரயிலிலிருந்து கிறிஸ்துராஜ் இறங்கினார். பாதி ஆளாக இருந்தார். என் கடிதத்துக்குப் பதில் எழுதக் கை வரவில்லை என்றார். "எங்க சார் வெச்சிருக்கீங்க அவள?" என்று கேட்டார்.

நான் என்ன செய்யட்டும்? ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு வரும் வழியில்தான் கல்லறைத் தோட்டம். அந்த ஓரத்து மேட்டைக் காட்டினேன். அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஊருக்குள் வர அவருக்கே மனசில்லை. போகும்போது, "அவளுக்குக் காட்டுமல்லின்னா உசிரு. இங்க ஒரு செடி வெக்க முடியுமா சார்?" என்று கேட்டார்.

இதில் மறுக்க என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்து, ஓர் அநாதைப் பெண்ணின் கல்லறைக்குச் செடி வேண்டும் என்று இன்பத்திடம் சொன்னேன். அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. "ஐயோ பாவம்ணா" என்றாள். இருப்பதிலேயே நல்ல பதியனாக இரண்டு எடுத்து, வேர் மண் உதிராமல் வாழைமட்டையில் கட்டிக் கொடுத்தாள். கல்லும் சரளையுமான இடம். அந்தச் செடிக்கு அதுதான் பிடிக்கும். ஆள் பார்க்காமலே படர்ந்தது.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் அதே ரயிலில் வருவார். வேலூர்ப் பக்கம் பாகாயத்தில் வேலை கிடைத்திருந்தது. ஒரு நாள் விடுப்பு. இருவரும் கல்லறைக்குப் போய்க் களை பிடுங்குவோம். அவர் பூவை முகர்ந்துவிட்டு, அவள் கையில் பூத்த மாதிரியே இருக்கிறது என்பார். நல்ல மூக்கு அவருக்கு. என்னோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போவார். ஏழு வருடம். அந்தப் பத்தாம் தேதிக்காக நான் புரட்டாசியிலிருந்தே நாள் எண்ணுவேன்.

போன தை மாதம்தான் தகராறு வந்தது. மத்தியானம் தபால் பை பிரித்துக்கொண்டிருந்தேன். பின்வாசலில் மாட்டு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. வேலூர் வண்டிக்காரர் சர்தார் பாஷா. குரல் இந்தச் சுவரைத் தாண்டித் தெளிவாகவே கேட்டது.

"போஸ்ட் மாஸ்டர் வூடு இதானேம்மா? கல்லறைக் கல்லு கொணாந்திருக்கேன். எங்க எறக்கணும்னு இங்க கேக்கச் சொன்னாங்க."

"யாருக்குக் கல்லு?" இது இன்பம்.

"இன்பம்னு ஒரு அம்மாவாம். செத்து ஏழெட்டு வருசமாச்சாம்."

இன்பம் சிரித்தாள். "இன்பம் நான்தாங்க. எனக்கு இன்னும் நேரம் வரல."

பிறகு வைக்கோலை விலக்குகிற சத்தம். அந்தக் கல்லைப் பிறகு நானும் பார்த்தேன். அழகான எழுத்து. இன்பம், 1918, கிறிஸ்துராஜ் வைத்தது என்று இருந்தது.

"இந்தக் கல்லு குடுத்தவரு" என்று கேட்டாள், "உசிரோட இருக்காரா?"

"இன்னாம்மா இப்டி கேக்குற? நேத்து காலைலகூட பாத்தேன். பாகாயத்துல கம்பவுண்டரு. கல்லுல கீறல் வுழாம ஓட்டு பாஷா, ஓட்டு பாஷான்னு நாலு வாட்டி சொல்லி அனுப்புனாரு."

ஐந்து நிமிடம் கழித்து இன்பம் ஆபீசுக்குள் வந்தாள். வீட்டு வழியாக வரவில்லை. வெளியே சுற்றிவந்து, ஜனங்கள் நிற்கிற இந்தக் கம்பிக்கு வெளியே நின்றாள்.

"அநாதைப் பொண்ணுன்னு சொன்னியே, அது நானாண்ணா?"

பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. "ஆமாம்" என்றேன்.

"அங்க செடி நல்லா பூக்குதா?"

"நல்லாவே பூக்குது."

தலையை ஆட்டிக்கொண்டாள். உள்ளே போய் நாலு சேலையை மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். "கல்ல எறக்க வேணாம், பாய். வண்டியத் திருப்புங்க" என்றாள். வைக்கோல் மேல் ஏறி, கல்லில் சாய்ந்து உட்கார்ந்தாள். சர்தார் பாஷா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாட்டைத் தட்டினார். தெருக்கோடி திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேலூர் ரோட்டில் தன் கல்லறைக் கல்லோடு கல்யாணத்துக்குப் போன பெண் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பாகாயத்தில் கிறிஸ்துராஜ் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த மருந்துப் புட்டியைக் கீழே போட்டாராம். வண்டிக்காரர் வந்து சொன்னார். பிறகு இருவரும் அந்தக் கல்லின் மேலேயே விளக்கேற்றும் வரை உட்கார்ந்திருந்தார்களாம். அவருக்கு நாற்பது வயது, அவளுக்கு முப்பத்து மூன்று. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, போன மாதம் மணம் முடிந்தது. அழைப்பு இந்த ஆபீசுக்குத்தான் வந்தது. நானே முத்திரை குத்திப் பிரித்தேன். கலீமுல்லா சாயபுவுக்கு ஒன்று. தபால்காரன் ஹபீபுக்கு ஒன்று. பையை இரண்டு தரம் உதறிப் பார்த்தேன். அவ்வளவுதான் இருந்தது.

சாயபு போய் வந்தார். இப்போதெல்லாம் இந்த ஜன்னலில் வந்து நிற்பதில்லை. தோல் நாற்றமே தேவலை என்று ஹபீபிடம் சொன்னாராம். நல்ல மனிதர்தான். செடியின் அருமை தெரியாதவர்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கிறிஸ்துராஜ் எழுதிய முப்பத்தெட்டும் இன்பம் எழுதிய இருபத்தைந்தும் தபாலிலிருந்து எடுத்தவன் நான்தான். உயிரோடு இருந்த இரண்டு பேரைச் செத்தவர்களாக்கி, எட்டு வருடம் ஒருவருக்காக ஒருவர் அழ வைத்தவனும் நான்தான். ஞானசீலன், சப் போஸ்ட்மாஸ்டர். செடியைக் காப்பாற்றுவதற்காகச் செய்தேன். வேறு சுயநலம் கிடையாது.

இதோ கட்டு. தேதி வாரியாக அடுக்கியிருக்கிறேன். ஈரம் படவில்லை, பூச்சி அரிக்கவில்லை. எண்ணிப் பாருங்கள்.

சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். அறுபத்திரண்டுதான். இன்னொன்று என் சட்டைப் பையில் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் அவர், 'அண்ணனுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, வரும்போது அவருக்கு வாங்கி வருகிறேன்' என்று எழுதியிருக்கிறார். வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா, ஜெயிலுக்கும் வருகிறேன். இதை மட்டும் கேட்காதீர்கள். இது எனக்கு வந்த கடிதம்.