‘ஏன்?’ என்று ஒரு கட்டம்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, ஆய்வுக் குழுத் தோழர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் நோயாளிப் பெருமக்களே, முன்வரிசையில் இருக்கும் டாக்டரின் கணவர் அவர்களே, வணக்கம்.

எனக்கு மேடைப்பேச்சு வராது. நான் கணினியோடு மல்லுக்கட்டுகிறவன். ஆனாலும் நம் ‘ஏன் டாக்டரை’ப் பற்றி, அவருடைய இந்த நினைவுக் கூட்டத்தில் நான் பேசாமல் யார் பேசுவது? அவரிடம் அதிகம் திட்டு வாங்கியவன் நான்தானே!

சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று ஆயுள் முழுக்க மருந்தோடு வாழ்கிறவர்களின் உடல்நலக் குறிப்பு அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்றார் அவர். அப்படித்தான் கைப்பேசியில் நம் நலக்குறிப்பேடு பிறந்தது. முதல் வடிவத்தை நான் எழுதினேன். ‘மாத்திரை போட்டேன்’ என்று டிக் செய்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். மூன்றே மாதத்தில், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் ஒழுங்காக மருந்து சாப்பிடுவதாகத் தெரிந்தது. நாங்கள் தலைகால் புரியாமல் ஆடினோம்.

டாக்டர் ஆடவில்லை. பேருந்து ஓட்டுநர் ஒருவர் தினமும் டிக் போட்டிருந்தார். சர்க்கரையோ முந்நூறை விட்டு இறங்கவில்லை. அவரை அழைத்து, வழக்கம்போல “ஏன்?” என்றார்.

“டிக் போடலன்னா பக்கம் நகர மாட்டேங்குதே டாக்டர்! அந்த மாத்திரை போட்டா ஸ்டியரிங் பிடிக்கிற கை நடுங்குது. பின்னாடி அறுபது பேர் உக்காந்திருக்காங்க. நான் என்ன பண்றது?”

அன்றே மருந்தை மாற்றினார் டாக்டர். நேராக எங்கள் அறைக்கு வந்தார்.

“தம்பி, அந்த மனுஷன் பொய் சொல்லல. நீங்கதான் சொல்ல வச்சீங்க.”

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு. அன்று வந்ததுதான் ‘போடவில்லை’ என்ற பொத்தானும், அதன் கீழே ‘ஏன்?’ என்ற கட்டமும். தொண்ணூற்றெட்டு அறுபத்தொன்றாக இறங்கியது. மேலிடத்தில் முகம் சுளித்தார்கள். “அறுபத்தொண்ணுதாங்க நிஜம்” என்றார் டாக்டர். தன் வெற்றியைத் தானே குறைத்துக் காட்டும் நெஞ்சுரம் எத்தனை பேருக்கு வரும்? அவருக்கு வந்தது! அவரோடு வேலை செய்தோம் என்று மார்தட்டிக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்?

‘மாத்திரை தொண்டையில சிக்குது.’ ‘மகளுக்குப் பரீட்சை, மறந்துட்டேன்.’ ‘வெறுத்துப்போச்சு.’ அந்தக் கட்டத்தில் வந்த ஒவ்வொரு வரியையும் படித்தார். வெறுத்துப்போச்சு என்று எழுதிய அம்மாவைத் தானே போனில் அழைத்து ஒரு மணி நேரம் பேசினார். அந்த அம்மா இதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஓட்டுநர் அண்ணன் அவர் பக்கத்தில்.

புதிய வடிவத்தில் அந்தக் கட்டம் வேண்டாம், படிக்க ஆளில்லை என்று ஒரு யோசனை இருக்கிறது. அடுத்த வாரம் முடிவெடுக்கிறார்கள். டாக்டர் கடைசியாகச் சண்டை போட்டது இதற்காகத்தான்.

அவருக்கும் இரத்த அழுத்தம் உண்டு. அவருடைய குறிப்பேட்டைக் கணவரின் அனுமதியோடு திறந்து பார்த்தோம். மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு பதிவைப் படிக்கிறேன்: ‘போடவில்லை. ஏன்? கட்டத்தை எடுக்கக் கூடாதுன்னு அறிக்கை எழுதிட்டே இருந்தேன், மறந்துட்டேன்.’

குறிப்பேட்டைத் திறந்த அன்று இதைப் படித்துக் காட்டியதும் அவர் கணவர் அழுதுகொண்டே சிரித்தார். “அன்னைக்கு எங்கிட்ட போட்டாச்சுன்னு சொன்னாளே!” என்றார்.

பார்த்தீர்களா? கட்டின கணவரிடம் பொய் சொன்னவர் இந்தக் கட்டத்தில் சொல்லவில்லை!

தலைவர் அவர்களே, படிக்க ஆளில்லை என்றார்களே, நான் படிக்கிறேன். நாளை காலை ஒன்பது மணிக்கு, டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து, முதல் ‘ஏன்’-இலிருந்து தொடங்குகிறேன்.