ஒரு மாடி மேலே கிடைத்த நீலம்

பேரியம் ஏற்றிய கப்பல் வரவில்லை. ஸ்ட்ரான்ஷியம் போட்டு ஓடு சுட்டோம். நடந்தது அவ்வளவுதான்.

அதைச் சொல்லத்தான் என்னை மேடை ஏற்றியிருக்கிறீர்கள். குழந்தை மருத்துவத்தையே தவமாகக் கொண்ட தலைவர் அவர்களே, அறிவாலும் அனுபவத்தாலும் உயர்ந்த பெரியோர்களே, பிள்ளையை மடியிலும் பயத்தை நெஞ்சிலும் சுமந்து இந்த மருத்துவமனைக் கூடத்தில் காத்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

நான் இரசாயனப் பொடி விற்பவன். மூட்டையை அறிவேன், எடையை அறிவேன், ஏமாற்றுபவனையும் அறிவேன். கைதட்டாதீர்கள், அவர்களில் இருவர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள்!

இந்தச் சுவரின் நீல ஓடுகளைச் செய்த அம்மையார் அன்று கடைக்கு வந்தார். "அண்ணே, மெருகுப் பூச்சுல பேரியம் இல்லாம அந்த நீலம் வராது. இந்த வாரம் சூளை மூட்டலேன்னா ஆர்டர் போயிடும். அப்புறம் பட்டறைக்குப் பூட்டுதான்."

என் மைத்துனர் சுவரில் தொங்கிய தனிம அட்டவணையைப் பார்த்தார். விலைப்பட்டியலில் பழகிய கண் குறுக்கேதானே ஓடும்? "அத்தான், பேரியம் அம்பத்தாறு. பக்கத்துல அம்பத்தஞ்சு, சீசியம். ஒரு நம்பர்தானே, தள்ளிவிட்டுடலாம்!"

"அந்த உலோகம் தண்ணியப் பாத்தாலே வெடிக்கும், மச்சான். பக்கத்து வீடு வேற குடும்பம். சொந்தக்காரன் மேல்மாடியில இருக்கான், பாரு!"

அன்பர்களே, ஒரு கணம் கண்களை மூடுங்கள். மேகத்தில் மிதக்கும் ஒரு மாடி வீடு. மேலே கால்சியம், நடுவே ஸ்ட்ரான்ஷியம், அதற்கும் கீழே பேரியம். மாடிதோறும் வாசலில் இரண்டே இரண்டு எலக்ட்ரான்கள், மின்மினிகள் போல. இறங்க இறங்க அணு விரிகிறது. அணுக்கருவின் பிடி தளர்கிறது. மின்மினிகள் எளிதில் பறக்கின்றன. உருவம் வேறு, எடை வேறு. குணம்? குணம் குடும்பத்துக் குணம் அல்லவா! கொடுப்பது இரண்டு அல்லவா!

என்ன கேட்கிறீர்கள், கால்சியம் ஆகாதா என்றா? அது இரண்டு மாடி தள்ளி, நிறம் நழுவிவிடும். நெருங்கிய மாடிதான் நெருங்கிய குணம். அந்த ஸ்ட்ரான்ஷியம் என் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்தது.

சூளை ஆறியது. "நீங்க திறங்கண்ணே, எனக்குக் கை வரல" என்றார் அம்மையார். திறந்தேன். என்ன கண்டேன்? கடல் கண்ட கனவைக் கண்டேன்! விடியுமுன் விரியும் வானத்தை வில்லை வில்லையாகக் கண்டேன்! அம்மையார் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "அதே நீலம்ண்ணே" என்றார்.

இல்லாத பொருளுக்காக இடிந்து உட்காராதீர்கள். அதன் இனத்தைத் தேடுங்கள்! அழைத்தவர்க்கும் பொறுத்துக் கேட்டவர்க்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி, வணக்கம்.

என்ன விலை பேசிக் கொடுத்தாய் என்று யாரோ கேட்கிறார். சொல்கிறேன்: அணு இலேசு என்பதால் நூறு கிலோ பேரியத்துக்கு எழுபத்தைந்து கிலோ ஸ்ட்ரான்ஷியம், கிலோவுக்குப் பேரியத்தின் விலைதான், நீலம் வராவிட்டால் சூளைச் செலவு என் தலையில். அம்மையார் போட்ட நிபந்தனை ஒன்றே: பிள்ளைகள் தொடும் ஓட்டுக்கு, நஞ்சான பேரியத்தை இனி அவர் பட்டறையில் நான் இறக்கவே கூடாது.