மணிச்சிட்டு வெடி விபத்து

— டவர் இல்லம்மா, அம்புட்டுதான். போனை வச்சிட்டு கஞ்சியக் குடி, ஆறிப்போகுது.

— டவர் இல்லாட்டி சக்கரம்ல சுத்தும்? இது பளிச்சுனு வருதே. நீயே பாரு அனு. எப்பவும் போல மைக்க அமுக்கி, கம்பெனி பேரச் சேத்து ‘மணிச்சிட்டு வெடி விபத்து’ன்னுதான் சொன்னேன். எவளோ ஒருத்தி கம்பி மத்தாப்பப் புடிச்சிக்கிட்டு ஈன்னு சிரிக்கா.

— விளம்பரமா இருக்கும்.

— விளம்பரம்னா ஒன்னு வரும், ரெண்டு வரும். எம்புட்டு தள்ளினாலும் மத்தாப்பும் சங்குசக்கரமும்தான் வருது. செத்த ஏழு பேரு போட்டோவும் முத ஆளா வருமே, அது எங்க? உங்க அக்கா ரெண்டாவது வரிசையில ஓரமா இருப்பாளே, இருக்கன்குடி கோயிலுக்குப் போனப்ப எடுத்த போட்டோவுல. புதன்கிழமை வரைக்கும் இருந்தா, நாலு நாளாக் காணோம்.

— மாரியக்கா போட்டோ உன் கேலரிலயே இருக்கும்மா. நான்தான் ஏத்தி வச்சேன்.

— அது வேற, இது வேற. இதக் கொண்டா.

— அழிஞ்சு போகல. கீழ கெடக்கு. ஆறாவது பக்கத்துல.

— ஆறாவது பக்கமா? அம்புட்டு தூரம் எவன் போவான்?

— எவனும் போக மாட்டான். ரெண்டாவது பக்கத்துக்கே ஆளு போறதில்ல.

— அப்ப யாரோ தள்ளி விட்டிருக்கான்.

— யாரும் தள்ளல. புதுசு வரவர பழசு தானா கீழ போகும்.

— ஆடில நடந்தது. இந்த பங்குனி வரைக்கும் தானா போகாதது இந்த வாரம் போயிருச்சாக்கும்? கண்ணுல மண்ணத் தூவாத ஆத்தா. ஆபீஸ்ல நீ இதத்தானே பாக்க? எப்பிடித் தள்ளுவாகன்னு சொல்லு. எனக்கு ஏறுற மாதிரி சொல்லு.

— ஞாயித்துக்கிழமை ஒருநாளாச்சும் அந்த ஆபீஸ மறக்க விடும்மா.

— சொல்லுட்டி.

— சரி, கேளு. ஜனங்க எந்த வார்த்தையச் சொல்லித் தேடுறாகன்னு மொதல்ல கண்டுபிடிக்கணும். அந்த வார்த்தைய அப்பிடியே தலைப்புல வைக்கணும். முத பத்தில ஒருக்கா, நடுவுல ஒருக்கா, கடைசில ஒருக்கா. திணிச்ச மாதிரியும் இருக்கக் கூடாது, இல்லாமலும் போகக் கூடாது.

— பெட்டி மேல லேபிள் ஒட்டுற மாதிரி. உள்ள இருக்கிற வெடிமருந்து வேறயா இருந்தாலும் லேபிளப் பாத்துத்தான் எடுப்பாக.

— கிட்டத்தட்ட அதேதான். அப்புறம் படம். படத்துக்குப் பின்னால கண்ணுக்குத் தெரியாம ஒரு வரி எழுதுவோம், இது என்ன படம்னு. தேடிக் குடுக்கிற மிஷினுக்கு மொகம் கிகம்லாம் தெரியாது. நாம சொன்னாத்தான் புரியும்.

— உங்க அக்கா படத்துக்கு என்ன எழுதியிருக்கான்?

— ஒன்னும் எழுதல. ‘படம் நாலு’ன்னு இருக்கு. அந்தச் செய்தியப் போட்ட நியூஸ்காரன் ஒத்த ஆளா சாத்தூர்ல உக்காந்து நடத்துறான், அவனுக்கு இதெல்லாம் தெரியாது. அதனாலதான் அவனைத் தள்ளுறது லேசாப் போச்சு.

— லேசாப் போச்சா? யாருக்கு?

— பொதுவாச் சொன்னேன்.

— ம். அப்புறம்?

— அப்புறம் மத்த சைட்டுக்காரங்க நம்ம பக்கத்தக் கைகாட்டணும். நாலு பேரு கைகாட்டுனா நல்ல கடைபோலன்னு மிஷின் நம்பும். வாரம் ஒன்னாச்சும் புதுசா எழுதணும். வெடிய ஆன்லைன்ல விக்கக் கூடாதுங்கிறதால ‘வாங்குங்கள்’னு எழுத மாட்டோம், ‘விலைப்பட்டியல் கேளுங்கள்’னு எழுதுவோம். போதுமா? இம்புட்டுதான் இந்த வித்தை. முக்காவாசி பஸ்சுல ஓசி வீடியோ பாத்துப் படிச்சது.

— நான் விபத்துன்னுல்ல சொன்னேன். அதுக்கு ஏன் மத்தாப்பு வருது?

— அது... அந்தப் பக்கத்தோட தலைப்புல அந்த வார்த்தை இருக்கும்.

— மத்தாப்பு விக்கிறவன் எதுக்கு வெடி விபத்துன்னு எழுதுறான்? வாசிச்சுக் காட்டு.

— விடேம்மா.

— எனக்கு எழுத்துத் தெரியாது, காது நல்லாக் கேக்கும். வாசி.

— ‘வெடி விபத்து வராமல் தடுப்பது எப்படி? மணிச்சிட்டு சொல்லும் பத்து வழிகள். ஒன்று, பட்டாசு வெடிக்கும்போது பருத்தி ஆடை அணியுங்கள். இரண்டு, அருகில் ஒரு வாளி தண்ணீர் வைத்திருங்கள். மூன்று...’

— மாரி அன்னைக்குப் பருத்திதான் கட்டியிருந்தா.

— தெரியும்மா.

— வாசல்ல தண்ணியும் இருந்துச்சு. ரெண்டு தொட்டி. எந்தக் கட்டைல போறவன்டி இத எழுதுனான்? அவன் கையில புழு வைக்க.

— நான்தான்ம்மா.

— என்னது?

— நான்தான் எழுதினேன். இது மட்டும் இல்ல, நாப்பத்தி மூணு பக்கம் எழுதியிருக்கேன். எல்லாம் அந்த ஒத்தச் செய்திய அமுக்கத்தான். புதன்கிழமை அது ஆறாம் பக்கத்துக்குப் போச்சுன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் கேக் வெட்டுனாக. நானும் தின்னேன். அடிக்கணும்னா அடி.

— வாரிசு வேலைன்னுதானே கூப்பிட்டாக உன்னைய?

— அதான். செத்த வீட்டுல ஒரு ஆளுக்கு வேலை குடுக்கிறது எப்பவும் உள்ள பழக்கம்னாக. டிகிரி படிச்ச புள்ளைய மருந்து ரூமுக்கு அனுப்ப மாட்டோம், ஏசில உக்கார வைப்போம்னு சின்ன முதலாளி மணிகண்டராஜ் நம்ம வாசல்ல நின்னு சொன்னாருல்ல? வேலைக்குப் போன முத நாளு என்ன சொன்னாரு தெரியுமா? ‘நம்ம கம்பெனி பேரைத் தட்டுனா சாவுதான்மா முன்னாடி வருது. டீலருக எல்லாம் கேக்காங்க. அதக் கொஞ்சம் கீழ இறக்கணும்’னாரு. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்னாரும்மா. நான் யாரு தங்கச்சின்னு தெரிஞ்சுதான் சொன்னாரு. வேற எவன் எழுதினாலும் நாளைக்கு ஒரு கேள்வி வரும். செத்தவ தங்கச்சியே எழுதினா எவன் கேப்பான்?

— நீ என்ன சொன்ன?

— ‘சரி சார்’னேன்.

— ம்.

— என்ன ம்? சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு எத்தனை நாளு மனுவத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன், ஒரு வேலை வந்துச்சா? மதுரைல இன்டர்வியூல ஒருத்தன், ‘பேசுற தமிழே இப்பிடி இருக்கே, இங்கிலீஷ் எப்பிடி இருக்கும்’னு கேட்டுச் சிரிச்சான். இந்தத் தெருவுல முத டிகிரி நான். அக்கா மருந்து செலுத்தி வாங்கிக் குடுத்த டிகிரி. அவ வெரல்ல ஏறுன வெள்ளி மருந்து சோப்புப் போட்டாலும் போகாது, அந்தக் கையாலதான் எனக்கு காலேஜுல கையெழுத்துப் போட்டா. அந்தப் படிப்ப வச்சு அவளையே ஆறாவது பக்கத்துல கொண்டுபோய்ப் பொதைச்சிருக்கேன். வேற யாரையும் திட்ட எனக்கு வாயில்ல.

— அழாத. கஞ்சி இருக்கு, நீயும் ரெண்டு வாய் குடி.

— கஞ்சி கிடக்கட்டும். ஒன்னு சொல்றேன் கேளு. இதத் தூக்கி மேல வைக்கவும் எனக்குத் தெரியும்.

— எத?

— அக்காவை. ஒரு பக்கம் எழுதி வச்சிருக்கேன், யாருக்கும் தெரியாது. நியூஸ்காரன் மாதிரி ‘உராய்வினால்’னு மழுப்பல. நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்ல எத்தன பேர உக்கார வச்சான், சீசன் லோடு போகணும்னு போர்மேன் தங்கச்சாமி எப்பிடி வெரட்டுனான், எல்லாம் இருக்கு. ஒவ்வொரு பேருக்கும் தனித்தனியா ஒரு தலைப்பு, ஊரு, வயசு, படம். படத்துக்குப் பின்னால ‘மாரீஸ்வரி, இருபத்தி ஆறு வயசு’ன்னு எழுதியிருக்கேன். இனிமே மிஷினுக்கும் அவ மொகம் தெரியும்.

— எதுல போடுவ? அந்தச் சாத்தூர்க்காரன்கிட்டயா?

— அவன் சைட்டுல போட்டா ஒரு மாசத்துல மறுபடி கீழ போயிரும். கம்பெனி சைட்டுலயே போடப் போறேன். அஞ்சு மாசமா நானே ஊட்டி வளத்த சைட்டு, மிஷின் அத நம்புது. விலைப்பட்டியலுக்குப் பக்கத்துல போட்டா நாளைக்கே முத ஆளா நிக்கும். பாஸ்வேர்டு எங்கிட்ட இருக்கு. அமுக்குனா முடிஞ்சது.

— அழிச்சிருவாக.

— அழிக்கட்டும். அதுக்குள்ள ஆயிரம் பேரு எடுத்து வச்சிருப்பான். டீலரு பாப்பான், பத்திரிகைக்காரன் பாப்பான்.

— உன் வேலை?

— மசுரு வேலை.

— போடாத அனு.

— ஏன்? உன்னையும் குழாய் ஷெட்டுல இருந்து நிறுத்திருவாகன்னு பயமா? பொண்ணைத் தின்ன எடத்துல போய் இன்னமும் வெடிக்குப் பேப்பர்க் குழாய் உருட்டுற நீ. நாங்கூட பசிக்குப் போறேன்னு சொல்லலாம். நீ அந்த கேட்டுக்குள்ள எப்பிடிம்மா காலு வைக்க? அந்த ரூம் இருந்த எடத்தத் தாண்டித்தானே ஒன்னுக்குக்கூடப் போகணும்?

— பேசு. உனக்குப் பேச உரிமை இருக்கு.

— அப்ப நான் அமுக்குறேன்.

— இரு. மொதல்ல வாசிச்சுக் காட்டு. என் புள்ளையப் பத்தி என்ன எழுதியிருக்கன்னு நான் கேக்கணும்.

— ‘ஆடி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி. நான்கு பேர் மட்டுமே இருக்க அனுமதியுள்ள மருந்து செலுத்தும் அறையில் அன்று ஏழு பேர் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். ஏழு பேரும் இறந்தார்கள். அவர்களை எண்ணிக்கையாக அல்ல, பெயராக நினைவு வையுங்கள்...’ என்னம்மா? ஏன் தலைய ஆட்டுற?

— நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா பொய்யி.

— எது பொய்? நான் எழுதினதுல ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. எஃப்ஐஆர் பாத்தேன், ஆஸ்பத்திரி பேப்பர் பாத்தேன், ஏழு வீட்டுக்கும் நானே போயிட்டு வந்தேன்.

— ஏழுங்கிறதுதான் பொய்யி.

— என்ன சொல்ற?

— எட்டு.

— எட்டாவது யாரு?

— வடக்குத்திப் புள்ள. ஏஜெண்டு வேன்ல கொண்டாந்து எறக்குனான், மூணு நாளு ஆகியிருக்கும். இன்னும் ரெஜிஸ்டர்ல ஏத்தல. உன் வயசுதான் இருக்கும். ஷெட்டுல எம்பக்கத்துல உக்காந்து குழாய் உருட்டப் பழகுனா. பாஷை தெரியாது. சோத்துக்கு வழியில்லாம முழிச்சா, என் தூக்குச்சட்டில இருந்து ரெண்டு கை அள்ளிக் குடுத்தேன், புளிக்கொழம்பு. உறைக்குதுன்னு கண்ணுல தண்ணி வரச் சிரிச்சா.

— அவ எதுக்கு மருந்து ரூமுக்குப் போனா?

— நான்தான் அனுப்புனேன். குழாய்த் தட்டத் தூக்கிக் குடுத்து, அந்தா அங்கன இருக்காள்ல, அவ எம்மக, அவகிட்ட குடுத்துட்டு வான்னு கையக் காட்டுனேன். மாரி வாசல்ல நின்னு தட்ட வாங்குனா. ரெண்டு பேரும் உள்ள போனாக. அம்புட்டுதான்.

— ஐயோ.

— தெனம் போனை எடுத்தது உங்க அக்கா மொகத்தப் பாக்கன்னு நெனச்சியாக்கும். கண்ண மூடுனா அவ நிக்கா, அதுக்குப் போன் எதுக்கு? ஏழு மொகம் வரும். எட்டாவதா ஒரு மொகம் வந்திருக்கா, எவளாச்சும் பெத்தவ அவளத் தேடி போட்டோவப் போட்டிருக்காளான்னு பாப்பேன்.

— அவுக தேட மாட்டாகம்மா. தேடுனாலும் அவுக பாஷைல தேடுவாக. நம்ம பேரும் தெரியாது, கம்பெனி பேரும் தெரியாது. நம்ம எழுத்து அவுக பக்கம் போகவே போகாது.

— ம். அப்பிடித்தான் இருக்கும்.

— அவ பேரு என்ன?

— கேக்கல.

— சரி. அப்ப எட்டுன்னு எழுதுவோம். பேரு தெரியாதுன்னே எழுதுவோம். இம்புட்டு பேரையும் ஏமாத்தியிருக்கான்ல அந்தத் தங்கச்சாமி? அவனை விடக் கூடாது. போலீசு விசாரிச்சப்ப ஒருத்தரும் வாயத் தொறக்கலையா? அங்கன நின்னவுக யாரையும் கேக்கலையா?

— கேட்டாக. அந்த ரூமப் பாத்துக்கிட்டு உசுரோட வெளிய நின்னது நான் ஒருத்திதான், என்னையத்தான் கேட்டாக. அதுக்கு முன்னாடி சின்ன முதலாளி வந்து எங்கையப் புடிச்சிக்கிட்டு, உங்க சின்னப் பொண்ணு படிச்சிருக்காளாமே, இனி அவ எங்க பொறுப்புன்னாரு.

— நீ போலீசுகிட்ட என்னம்மா சொன்ன?

— ஏழுன்னேன்.