காலியாக விட்ட வட்டம்

எனக்கு ஸ்கேல் வைத்தாலும் கோடு நேராக வராது, டீச்சர். முடிகிற இடத்தில் கொஞ்சம் சரிந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் நிரப்பச் சொன்ன சிந்தனைத் தாளின் முதல் கேள்வி, 'குழுவில் உங்கள் பங்கு என்ன' என்பது. வரைகிற வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அலைகிற வேலைதான் கிடைத்தது.

மற்றவர்கள் இந்தத் தாளை மதிய இடைவேளையிலேயே நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். 'ஒற்றுமையின் வலிமையைக் கற்றுக்கொண்டேன்' என்று பத்துப் பேராவது எழுதியிருப்பார்கள். ஒருத்தி எழுத, மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். அதுவும் ஒரு குழுப்பணிதான். நீங்கள் விட்டிருந்த நான்கு வரி எனக்குப் போதவில்லை, அதனால் வீட்டுக்கு எடுத்து வந்தேன். கூடுதல் தாளும் இணைத்திருக்கிறேன்.

நீங்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் குழு பிரித்ததற்கு நான் இதுவரை நன்றி சொல்லவில்லை. 'நீங்களே நால்வர் நால்வராகச் சேர்ந்துகொள்ளுங்கள்' என்று சொல்கிற டீச்சர்களிடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எல்லோரும் சேர்ந்த பிறகு மிச்சம் நிற்கிறவளை டீச்சர் கையைப் பிடித்து ஏதாவது ஒரு குழுவில் விடுவார். பஸ்ஸில் இடம் கொடுப்பதுபோல அவர்களும் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள். என்னை யாருக்கும் பிடிக்காது என்றில்லை. நான் இருப்பது யாருக்கும் ஞாபகம் வராது, அவ்வளவுதான்.

வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. நான் எழும்போது அவள் போயிருப்பாள். அப்பா லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர், மாதம் இரண்டு தரம் வருவார். சமையல் மேடையில் அம்மா ஒரு துண்டுச் சீட்டு வைத்திருப்பாள். 'சாப்பாடு மூடி வைத்திருக்கு. கதவைப் பூட்டிக்கோ.' அதன் கீழே நான் 'சரி' என்று எழுதுவேன். ஒரே சீட்டில் பதினெட்டு 'சரி' வரை ஓட்டியிருக்கிறோம்.

ஆகவே சீட்டு விழுந்து, மூன்று பேர் என்னைப் பார்த்துக் கையாட்டியது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

எங்களுக்கு வந்த தலைப்பு உங்களுக்கு நினைவிருக்கும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் வெள்ளத்தில் உரக் கிடங்கு இடிந்து, மூட்டை மூட்டையாக உரம் கரைந்து தெருத்தெருவாக ஓடிய பேரழிவு. நீங்கள் 'இன்ஃபோகிராஃபிக்' என்றீர்கள். நாங்கள் கடைசிவரை சார்ட் என்றே சொன்னோம். வெள்ளம் வந்த தெருவிலேயே எங்களில் ஒருத்தியின் வீடு இருந்தது. அவளை எல்லோரும் வாயாடி என்போம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அவளுடைய அம்மாவே பெருமையாகச் சொல்வாள். அவள் வீட்டு மாடி அறையில் சனிக்கிழமை தோறும் கூடினோம். படம் போடுகிறவள் தூரிகை. எண்களைப் பார்த்துக்கொள்கிறவள் கால்குலேட்டர். தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், முடிவை வாங்கி வர வேண்டியவள் நான். வாயாடி எனக்கு 'தபால்' என்று பேர் வைத்தாள். அதுவரை எனக்குப் பட்டப்பெயர் இருந்ததில்லை.

சார்ட் மிகப் பெரியது. தரையில் விரித்து, சுருளாமல் இருக்க நான்கு மூலையிலும் நான்கு பேர் முழங்காலை ஊன்றி உட்கார வேண்டும். ஒருத்தி எழுந்தால் அவள் மூலை சுருண்டுவிடும். வலது கீழ் மூலை என்னுடையது. நான் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட, 'ஏய் தபால், சீக்கிரம் வாடி, சுருளுது' என்பார்கள். இதை நான் பல தடவை சும்மாவே எழுந்து கேட்டிருக்கிறேன்.

சார்ட்டின் நடுவில் ஒரு பெரிய வட்டம். மாணவர்களே திரட்டிய தரவு அதில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சார்ட்டை வாங்க மாட்டேன் என்றீர்கள். அந்தத் தெருவில் ஐந்து வீட்டுக் கிணறுகளில் தண்ணீர் பிடித்தோம். ஐந்தாவது வாயாடி வீட்டுக் கிணறு. முடிவு வந்ததும் வட்டத்தை நிரப்பி மறுநாளே ஒப்படைத்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம்.

ஆய்வகத்தில் மூன்று வாரம் என்றார்கள். பதினோராம் நாளே தயாராக இருந்தது. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். நான்கு கிணறுகள் நன்றாக இருந்தன. ஐந்தாவதில் நைட்ரேட் அளவுக்கு மேல் பல மடங்கு. கீழே சிவப்பு முத்திரை குத்தி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த நீரை எந்த வடிவத்திலும் கொடுக்கக்கூடாது என்று எழுதியிருந்தது. பெரியவர்களைப் பற்றி அவ்வளவு கடுமையாக எதுவும் இல்லை. அந்த வீட்டில் அப்போது குழந்தையும் இல்லை. வாயாடியின் அண்ணிக்கு ஒன்பதாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது தண்ணீரைப் பற்றி அல்ல. வெயில் நோய் பற்றிச் சார்ட் செய்த குழு அந்த வாரம்தான் ஒப்படைத்திருந்தது. மறுநாள் அந்த நால்வரும் வராந்தாவில் எதிரெதிரே வந்தபோது ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. மூன்று வாரம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். நான் நின்று பார்த்தேன்.

சனிக்கிழமை வாயாடி, "ஏண்டி தபால், வந்துச்சா?" என்றாள்.

"இன்னும் வரலடி," என்றேன்.

அவ்வளவுதான், டீச்சர். அதைச் சொல்வது இவ்வளவு சுலபம் என்று எனக்கே தெரியாது. அடுத்த வாரமும் சொன்னேன். அதற்கடுத்த வாரம் ஆய்வகத்தில் இயந்திரம் பழுது என்றேன். உங்களிடமும் சொன்னேன். 'தரவு முக்கியம், அவசரமில்லை, வரட்டும்' என்று நீங்கள் சொன்னீர்கள். கால்குலேட்டர் ஒருநாள், நானும் உன்னோடு வருகிறேன் என்றாள். நீ கணக்கைப் பார், அலைவது என் வேலை என்று தடுத்துவிட்டேன். அவளுக்கு அது தியாகமாகத் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமைகளில் சார்ட்டில் செய்ய வேலையே இல்லை. ஆனாலும் விரித்து வைத்து நான்கு மூலையிலும் உட்காருவோம். தூரிகை வெள்ளத்தின் நீலத்தை இன்னும் கொஞ்சம் கருநீலமாக்குவாள். வாயாடி ஊர்வம்பு எல்லாம் பேசுவாள். நடுவில் வட்டம் வெள்ளையாக இருக்கும். மற்றவர்களுக்கு அது ஒரு குறை. என் கண்ணுக்கு மட்டும் அது அழகாக இருந்தது.

'நீங்கள் செய்ய வேண்டியவை' என்று ஒரு கட்டம் போட்டோம். தூரிகை அதில் ஒரு பாத்திரமும் ஆவியும் வரைந்து, 'தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்' என்று எழுதினாள். வெள்ளம் என்றால் எல்லோரும் சொல்வதுதான். நைட்ரேட் கொதித்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடும். ஆய்வகத் தாளின் பின்பக்கத்தில் அதை அச்சடித்திருந்தார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பூதத்துக்குப் பயந்தவள் கிணற்றை மூடி வைக்கத்தானே பார்ப்பாள்.

குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. நாங்கள் நால்வரும் போய்ப் பார்த்தோம். முதலில் தாய்ப்பால்தான் கொடுத்தார்கள், எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கவலையே இல்லாமல் இருக்கவில்லை. மூன்று வாரம் கழித்து அண்ணிக்குப் பால் போதவில்லை. மாடிக்குப் போகும் வழியில் சமையலறை மேடையில் பால்பவுடர் டப்பாவைப் பார்த்தேன்.

அண்ணி அடுப்படியில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும், "நீ சயின்ஸ் படிக்கிற பிள்ளைதானே, சொல்லு. கிணத்துத் தண்ணிதான். நல்லா தளதளன்னு கொதிக்க வெச்சிட்டேன். போதும்ல?" என்றாள்.

என் பையில் அந்தத் தாள் இருந்தது. ஏழு வாரமாக அதைப் பையிலேயேதான் வைத்திருந்தேன்.

"போதும் அண்ணி," என்றேன். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்ததால், "இன்னும் கொஞ்சம் நேரம் கொதிச்சா இன்னும் நல்லது," என்றும் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். முதல் பொய்யை முதல் வாரமே திருத்தியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். ஏழு வாரம் ஆன பொய்யைத் திருத்தினால் மூன்று பேரும் போய்விடுவார்கள். நான் ஒன்றைக் கெடுக்க நினைக்கவில்லை. ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அடுத்தடுத்த வாரங்களில் குழந்தையை நானும் தூக்கினேன். தலை நிற்காத குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று அண்ணி சொல்லிக் கொடுத்தாள். என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உதடும் நகமும் லேசாக நீலம் பாய்ந்திருந்தன. குளிர் என்று அண்ணி இன்னொரு துணியைச் சுற்றினாள். அன்று வெயில் நன்றாகவே அடித்தது. மாடிக்குப் போனேன். தூரிகை, சுருளுது வா என்றாள்.

பிறந்த ஒன்பதாவது வாரம் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் குழந்தை இறந்தது. பிறவியிலேயே இதயத்தில் கோளாறு இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதினாராம். படித்தவர் சொன்னதை மறுக்க நான் யார்.

அந்த வீட்டில் நிற்க இடமில்லாமல் ஆட்கள். நாங்கள் நால்வரும் மாடிப்படியில் ஒரு படிக்கு ஒருத்தியாக உட்கார்ந்திருந்தோம். வாயாடி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே அன்றுதான். கொஞ்ச நேரத்தில் ஒரு படி இறங்கி வந்து என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். என் தோளில் அதற்கு முன் யாரும் சாய்ந்ததில்லை. கை மரத்துப்போனது, நான் அசையவில்லை. அந்த வாரம் ஏழு நாளும் நாங்கள் நால்வரும் ஒன்றாகவே இருந்தோம். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், இந்த வருடத்தில் நான் மறக்க முடியாத வாரம் அதுதான். அழுதேன். பொய்யாக அழவில்லை.

அதன் பிறகு சார்ட்டை முடிக்க வேண்டாம் என்றார்கள். முடித்தால்தான் வாயாடிக்கும் மனம் கொஞ்சம் மாறும் என்று நான்தான் சொன்னேன். நான்கு கிணறுகளின் எண்களைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன். ஐந்தாவது பாட்டில் ஆய்வகத்தில் உடைந்துவிட்டது என்றேன். கால்குலேட்டர் வட்டத்துக்குள் எழுதினாள்: 'நான்கு கிணறுகள். நான்கும் நலம்.' நீங்கள் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் கொடுத்தீர்கள். இப்போதும் அலுவலக அறைக்கு வெளியே அது தொங்குகிறது. கொதிக்கிற பாத்திரத்தைத் தூரிகை தத்ரூபமாக வரைந்திருக்கிறாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஒப்படைத்த மறுநாள் நான் எதிர்பார்த்ததுதான் நடந்தது. தூரிகை பழைய தோழிகளோடு போய்விட்டாள். கால்குலேட்டர் தலையசைப்பாள். வாயாடி பெஞ்சு மாறிவிட்டாள். என்னைப் பார்த்தால் குழந்தை ஞாபகம் வருகிறதாம், யாரோ சொன்னார்கள். என்னைத் தபால் என்று கூப்பிட்டு இன்றோடு ஐந்து மாதம் ஆகிறது. சனிக்கிழமை கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மேடையில் சீட்டு இருக்கிறது. சரி என்று எழுதுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 'மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் எதை வேறு விதமாகச் செய்வீர்கள்?'

ஆய்வகத்தின் அசல் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். தேதியும் முத்திரையும் தெளிவாக இருக்கின்றன. இவ்வளவு நாள் கழித்து ஏன் கொடுக்கிறாய் என்று கேட்பீர்கள். வருட ஆரம்பத்தில் நீங்கள் கொடுத்த விதிமுறைத் தாளை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். தரவில் பிழை இருப்பது பின்னால் தெரியவந்தால், அதே குழு, அதே உறுப்பினர்களோடு, சார்ட்டை முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும் என்று அதில் ஒன்பதாவது விதி இருக்கிறது. குழு மாற்றம் அனுமதிக்கப்படாது என்று நீங்களே அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள்.

அண்ணிக்கு மறுபடி இரண்டு மாதம் என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். அப்படியானால் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஒரு சார்ட் செய்ய அது தாராளமான காலம். எனக்கு எல்லாச் சனிக்கிழமையும் ஒழிவுதான்.

இன்னொன்று. முடிவு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுபோவேன். தொண்டை சரியில்லை என்று சொல்வேன். மூன்று பேரில் ஒருத்திகூட எத்தனை மாதமாகத் தொண்டை சரியில்லை என்று கேட்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இந்த முறை எல்லோருக்கும் தண்ணீர் நானே கொண்டுவருகிறேன்.